பதினேழாயிரம் பீடி

மடங்கிவிடக் கூடாதென்று
எல்.எல்.ஆர் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
சொளவில் விரித்து
அதன் மேல்தான் தூளைக் கொட்டினேன்.
ஆவணியிலிருந்து தினமும் அதன் மேல்
ஆயிரம் பீடி.
என் முகம் அடியில் கிடந்தது,
தேதியும்.

முப்பது நாள் கழித்து எட்டு போடலாம் என்றார்
டிரைவிங் ஸ்கூல் அருணாசலவடிவு.
முப்பதாம் நாள் ஷைனிக்கு அம்மை.
அடுத்த தேதிக்கு அம்பாசமுத்திரம் போய்
வெயிலில் நின்று
முதல் வளைவு தாண்டி இரண்டாம் வளைவில்
இடது கால் மண்ணைத் தொட்டது.
தொட்டதுதான். ஊனவில்லை.
"ஊனிட்டிய. அடுத்த ஆள்."
கம்பெனிக் கடையில் செக்கர்
கட்டை மூக்கருகே உருட்டிப் பார்த்து
"கழிவு" என்று ஓரமாய் எறிவாரே,
அதே கை.

பிறகு மழை. ஆறு பாலத்தை நக்கியது.
பிறகு கிறிஸ்துமஸ். பிறகு
பொங்கல் கழியட்டும் என்று நானே.
வண்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது,
முக்கூடல் கடைக்கு, ரேஷனுக்கு,
மாமாவைப் பின்னால் வைத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு.
மாமா கண்ணை மூடிக்கொண்டு வருவார்,
ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்.

மாசியில் ஒரு சனிக்கிழமை,
ரெண்டு பை பீடியோடு வருகிறேன்,
புளியமரத்து நிழலில் எஸ்.ஐ.
உறையைத் தட்டினார், தும்மினார்,
இன்னொரு தும்மலுக்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.
அது வரவில்லை.
"இது முடிஞ்சு பதினோரு நாளாச்சு தாயி."
"ஓட்டத் தெரியும் சார்."
"தெரியுது. தூரத்துலயே பாத்தேன்.
தெரிஞ்சு என்ன செய்ய?"

ஐயாயிரம்.
எனக்கு ரூபாயில் கணக்கு வராது.
பதினேழாயிரம் பீடி, கொஞ்சம் கூட.
இலை நனைத்து, வெட்டி, சுருட்டி,
நூல் சுற்றி, முனை குத்தி
பதினேழு நாள்.
அதில் கழிவு போனது தனி.

"அப்பவே போயிருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.
அப்பவே என்பது என்ன கிழமை என்று கேட்டேன்.
சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

இலையும் தூளும் நாலு ஊருக்குக் கொண்டு சேர்க்க
ஆள் வேணும், மாசச் சம்பளம்,
லைசென்ஸோடு வா என்றிருந்தார் ஏஜெண்ட்.
போனது ராஜகிளிக்கு.
அன்றைக்கு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ராஜகிளி.
அந்த அடுத்த ஆள்.
திங்கள்தோறும் இப்போது
என் வாசலில் ஹார்ன் அடிக்கிறாள்.
உள்ள வாட்டி என்கிறேன், தண்ணீர் கொடுக்கிறேன்.
அவள் கொண்டுவரும் இலையில் ஓட்டை இல்லை, அழுகல் இல்லை.
திட்டக்கூட ஒன்றும் தரமாட்டேன் என்கிறாள்.

"பழசு செல்லாது, முதல்லேருந்து எடுக்கணும்,
கேமராவைப் பாருங்க" என்றது இ-சேவைப் பிள்ளை.
பார்த்தேன். ஆறு மாசத்துக்கு முந்தி
இவ்வளவு நேராகப் பார்க்கவில்லை.
கம்ப்யூட்டர் மறுபடி கேட்டது.
முக்கோணத்துக்குள் ரெண்டு பிள்ளைகள். தெரியும்.
ஹார்ன் மேல் குறுக்குக் கோடு. தெரியும்.
தெரிந்ததையெல்லாம் தெரியும் தெரியும் என்று
ஒவ்வொன்றாய் அமுக்கினேன்.

புதுத் தாளைச் சொளவில் வைக்கவில்லை.
அடுப்புக்கு எதிரே சுவரில் ஆணி.
தேதியைச் சுற்றி ஷைனியின் சிவப்புப் பேனா.

நேற்று ராத்திரி பள்ளிக்கூட மைதானத்தில்
சலித்துக் கழித்த புகையிலைத் தூசியால்
பெரிதாய் ஒரு எட்டு வரைந்தேன்.
நாய் ஒன்று மோந்து பார்த்து விலகிப் போனது.
ஹெட்லைட்டில் தூசி பறக்க
முதல் வளைவு, ரெண்டாம் வளைவு,
திரும்ப முதல் வளைவு,
கால் ஊனவே இல்லை.
பதினோரு தடவை.
பார்க்கத்தான் யாரும் இல்லை.